இரு மொழி வாழ்வும் மூளை நலமும்

சித்தூர்க் கடைத்தெருவில் காலை வேளையில் சற்று நின்று கேட்டால் ஒரு விந்தை புலப்படும். காய்கறிக்காரியிடம் தெலுங்கில் விலை பேசுகிற ஒருவர், அதே மூச்சில் உடன் வந்த மனைவியிடம், கத்தரிக்காய் முற்றல் என்று தமிழில் சொல்லுவார். பணத்தை எண்ணும்போது எந்த மொழியில் எண்ணினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. விற்பவளும் அப்படித்தான். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தோ, முதற்சொல்லைக் கேட்டோ, இன்ன மொழியில் பேசவேண்டும் என்று கணப்பொழுதில் தீர்மானித்துவிடுகிறாள். நகரி, புத்தூர், சத்தியவேடு ஆகிய ஊர்களிலும் இதே நிலைதான். மேற்கே குப்பத்துக்குச் சென்றால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். 1997 இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவ அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இடம் அறிந்தே செய்தார்கள் எனலாம்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தது. பிற்காலத்தில் ஆட்சியாளர் வரைந்த எல்லைகள் பல முறை இடம் மாறின. வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூர் 1911 இல் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதில் அடங்கியது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. அந்த வழக்கை மறுபடியும் திறப்பது இப்பேச்சின் நோக்கமன்று. இத்தனை மாறுதலுக்கு இடையிலும் அங்குள்ள குடும்பங்கள் இரண்டு மொழிகளையும் கைவிடாமல் வைத்திருக்கின்றன என்பதே நாம் கவனிக்கவேண்டியது. தமிழ்நாட்டுக்கு வெளியே, புனேயிலும் ஜாம்ஷெட்பூரிலும் அகமதாபாதிலும் டில்லியிலும் வாழுகின்ற நாமும் ஒருவகையில் எல்லைப்புறத்து மக்களே. வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் வேறு மொழி என்பதுதானே நம் வாழ்வு?

உடல் நலத்தைப் பற்றிய பேச்சில் மொழி எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். மூளையின் முதுமையைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளுள் உலகத்தின் கவனத்தைப் பெரிதும் கவர்ந்த ஒன்று, இந்த இருமொழிப் பழக்கத்தைப் பற்றியதே. அதற்குள் புகுமுன், நோய் இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயன்று. ஐம்பது வயதைக் கடந்த எல்லாரும் தேடுகிறோம். மூக்குக்கண்ணாடி எதற்காக என்பதே மறந்துபோனால், நாற்பது ஆண்டு சமைத்த கை ரசத்தின் வரிசைமுறையை மறந்தால், நாள்தோறும் சென்ற தெருவில் வழி தெரியாமல் நின்றால், அது நோய். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் கூறும் இந்த மறதி நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பெரியது ஆல்சைமர் நோய். 1906 இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்சைமர் முதன்முதலாக விவரித்தது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது மற்றொன்று. நம் நாட்டு முதியோரில் இரண்டும் கலந்து வருவதும் மிகுதி. அறுபது வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்வதாக 2023 இல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வு கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும் அது அதிகம். முக்கியமான காரணம் கல்வி கிடைக்காமற்போனதே என்று அறிஞர் கருதுகின்றனர்.

திருப்பதிக்குப் போகும் வழியில் உள்ள புத்தூரை நம்மவர் அறிவார்கள். கை எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று ஊர் ஊராய்ப் புறப்பட்டு வருவார்கள். மூளைக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. இழந்த நரம்பணுக்களை மீட்டுத் தரும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதைவிடக் கவலை தருவது வேறொன்று. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மூளைக்குள் மாறுதல் தொடங்கிவிடுகிறது. எழுபதில் தெரியும் நோய்க்கு ஐம்பதில் வித்து விழுகிறது. ஆதலின் இது தாத்தாக்களைப் பற்றிய பேச்சு என்று எண்ணி இளைஞர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1988 இல் அமெரிக்காவில் காட்ஸ்மன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு செய்தியை வெளியிட்டனர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பத்துப் பேரின் மூளையில் ஆல்சைமர் நோயின் அடையாளங்கள் நிரம்பக் கிடந்தன; ஆனால் அந்தப் பத்துப் பேரும் வாழ்ந்த காலத்தில் தெளிந்த அறிவோடு இருந்தவர்கள்! அவர்களுடைய மூளை மற்றவர்களுடையதைவிடக் கனமாகவும், பெரிய நரம்பணுக்கள் மிகுந்தும் இருந்தது. நோய் வந்தும் அது தலைகாட்ட முடியவில்லை. இதிலிருந்து அறிவுச் சேமிப்பு என்ற கருத்து வளர்ந்தது. சித்தூர்ச் சீமை மழை குறைந்த பூமி. அங்கே கிராமந்தோறும் ஏரி வெட்டி, பல கால்வாய்களால் நீரைச் சேர்த்து வைப்பார்கள். ஒரே அளவு வெயில் அடித்தாலும், ஆழமான ஏரி மாசியில் வற்றாது. ஆழமில்லாதது தையிலேயே தரை தெரியும். கல்வி, தொழிலில் செலுத்தும் சிந்தனை, பிறரோடு பழகுவது, உடல் உழைப்பு ஆகியவை மூளைக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்கள். மொழி அப்படிப்பட்ட ஒரு கால்வாய்தானா என்பதுதான் கேள்வி.

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராயிருந்த ஐதராபாத்தில், நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மறதி நோய்ப் பிரிவுக்கு வந்த 648 நோயாளிகளை டாக்டர் சுவர்ணா அல்லாடி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பாக் என்பவரும் அதில் பங்கு கொண்டார். ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. நோயாளிகளுள் 391 பேர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுவோர். ஒரே மொழி பேசியவர்களுக்கு நோய் தொடங்கிய வயது சராசரி 61, இருமொழியாளருக்கோ 65½. ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதம்! படிப்பு, தொழில், ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் என்ற வேறுபாடு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் அந்தத் தாமதம் நின்றது. எழுத்தறியாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது இடைவெளி ஆறு ஆண்டாக இருந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவர், தெருவில் கேட்டுக் கற்ற இரண்டாம் மொழியால் இந்த நன்மையைப் பெற்றிருக்கிறார் என்பது எண்ணி மகிழத்தக்கது. மூன்று, நான்கு மொழி அறிந்தவர்களுக்கு இரண்டு அறிந்தவரைவிடக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. பல மொழிப் புலமை பெற்ற நண்பர்கள் இதற்காக வருந்தவேண்டாம். அப்புலமையின் பயன் வேறு.

அதே குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரையும் ஆராய்ந்தார்கள். பக்கவாதத்துக்குப் பின்னும் அறிவுத்திறன் குறையாமலிருந்தோர் இருமொழியாளரில் நூற்றுக்கு நாற்பது பேர். ஒருமொழியாளரில் இருபது பேரே.

இது எப்படி நிகழ்கிறது? இரண்டு மொழி அறிந்தவரின் மூளையில் இரண்டும் எப்போதும் விழித்தே இருக்கின்றன. ஒன்றைப் பேசும்போது மற்றொன்றை அடக்கி வைக்கவேண்டும்; ஆள் மாறியதும் அடக்கியதை எழுப்பி, எழுந்ததை அடக்கவேண்டும். சித்தூர்க் காய்கறிக்காரி கணப்பொழுதில் செய்கிறாள் என்று சொன்னோமே, அந்தத் தேர்வுதான் பயிற்சி. கவனத்தைச் செலுத்தவும் திருப்பவும் பயன்படுகிற மூளைப் பகுதிகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் நடக்கும் தேகாப்பியாசம் போன்றது என்பது ஆராய்ச்சியாளரின் விளக்கம்.

மறுதரப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கனடாவில் டொரண்டோ நகரத்தில் 184 நோயாளிகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவும் நான்கு ஆண்டுத் தாமதத்தையே காட்டியது. ஆயினும், நியூயார்க்கில் ஸ்பானிஷ் பேசும் குடியேறிகள் ஆயிரம் பேருக்கு மேல் பல்லாண்டுக்காலம் தொடர்ந்து கவனித்து 2014 இல் வெளியான ஆய்வில், ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு நினைவாற்றல் தொடக்கத்தில் மேம்பட்டிருந்தபோதிலும் நோய் வருவது குறையவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுவதற்கும், ஊரில் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆகவே இது கல்லில் பொறித்த தீர்ப்பன்று. ஐதராபாத் ஆய்வுக்கு ஒரு தனி வலிமை உண்டு. அங்கே தெலுங்கும் உருதுவும் இந்தியும் பேசுவோர் புதிதாய்க் குடியேறியவர்கள் அல்லர்; தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் கலந்து வாழ்கிறவர்கள். சித்தூர், திருப்பதி மக்களின் நிலை அதற்கு மிக அருகில் இருக்கிறது. நம் அபிப்பிராயம், இந்தப் பழக்கத்துக்குச் செலவு ஏதும் இல்லை, தீங்கும் இல்லை. நன்மை உண்டு என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. அவ்வளவு போதும் என்பதே.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். பிற மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஓர் அச்சம் நிலவுகிறது. குழந்தைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தியோ மராட்டியோ, பாடத்துக்கு ஆங்கிலம் என்று வைத்தால் அதன் மூளை குழம்பும், படிப்பில் பின்தங்கும் என்று எண்ணித் தாய்மொழியை நிறுத்திவிடுகிறார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களே அப்படி அறிவுரை கூறுவதாகக் கேள்விப்படுகிறோம். குழந்தை மனநூல் இதை ஆதரிக்கவில்லை. இரண்டு மொழியில் வளரும் குழந்தைக்குத் தனித்தனியே ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சில நாள் குறைவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகவே இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளமன்று. சித்தூர்க் குழந்தைகள் காலங்காலமாக அப்படிக் கலந்து பேசி வளர்ந்து, பின்னர் இரு மொழிகளையும் பிரித்துப் பேசும் பெரியவர்களாகவே ஆயிருக்கிறார்கள்.

குழந்தைப் பருவத்தில் மூளைக்கு வேண்டியவை வேறு சிலவும் உண்டு. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். ஆந்திரத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி, இமயமலைச் சாரலில் காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கிய ஆராய்ச்சியே உப்பில் அயோடின் சேர்ப்பதன் பயனை நம் நாட்டுக்கு மெய்ப்பித்தது. உப்பு வாங்கும்போது அந்த அடையாளத்தைப் பார்த்து வாங்குவது சிறு காரியந்தான். பெண் குழந்தையை இடையில் நிறுத்தாமல் படிக்க வைப்பது பெரிய காரியம். முதுமையின் மறதிக்கு எதிராக நாம் இடும் முதல் வேலி அதுவே.

நடுவயதுக்கு வருவோம். மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் கொண்டு சேர்ப்பது இரத்தம். ஆதலால் இரத்தக் குழாய்க்குக் கெடுதல் செய்வது எதுவோ அது மூளைக்கும் கெடுதல். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், மட்டற்ற குடி, உடற்பருமன் ஆகிய அனைத்தும் அந்த வரிசையில் சேரும். உலக அறிஞர்கள் குழு ஒன்று 2024 இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய காரணங்கள் என்று பதினான்கைக் குறித்தது. அவை அனைத்தையும் நீக்க முடியுமானால் உலகத்தில் மறதி நோயின் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் கணக்கு. மீதி வயதையும் பிறவியையும் பொறுத்தது. அதற்கு யாரையும் குறை கூற இயலாது. நோயுற்ற முதியவரைப் பார்த்து, ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்குமா என்று பேசுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை, எரிவதில்லை. அதுவே அதன் சூழ்ச்சி. நாற்பது வயதில் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. மருந்து எழுதிக் கொடுத்தபின், இப்போது சரியாயிற்று என்று நாமே நிறுத்திவிடுவது நம் மக்களிடையே மிகப் பரவிய கெட்ட பழக்கம். ஊறுகாயும் அப்பளமும் இல்லாத சோறு சித்தூரில் சோறாகாது. ஆனால் ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஒரு நல்ல மாங்காய் ஊறுகாய் அந்தக் கணக்கைப் பாதி வழியிலேயே முடித்துவிடும். அப்பக்கத்துப் பழைய உணவு குறைவானதன்று. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், நிலக்கடலைத் துவையல் ஆகியவை வயலில் உழைத்தவரின் உணவு. உழைப்பு நின்று, களியின் இடத்தை வெள்ளை அரிசி மூன்று வேளையும் பிடித்துக்கொண்டதே தொல்லை. சித்தூர் வெல்லம் பேர்பெற்றது. வெல்லம் சீனியைப்போல் அன்று, நீரிழிவுக்காரர் தாராளமாய்ச் சாப்பிடலாம் என்று வழங்கும் பேச்சில் உண்மை இல்லை. திருப்பதி லட்டைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிரசாதம் என்பது விள்ளலாக வாங்கி எல்லாருக்கும் பகிர்வது என்று பெரியோர் வைத்த வழக்கமே போதிய மருத்துவம்.

நடை பற்றி ஆராய்ச்சி தெளிவாகவே பேசுகிறது. 2011 இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓராண்டுக்காலம் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் விரைந்து நடக்கச் செய்தார்கள். நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி அவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. நடக்காமல் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. அலிப்பிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்துப் பக்கம் உள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். நம்மில் பலர் வேண்டுதலுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஏறிவிட்டு, ஒரு வாரம் கால் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறோம். வேண்டுதல் நிறைவேறட்டும், மூளைக்கு வேண்டியது மற்ற 364 நாள்களின் நடை. நாள்தோறும் அரைமணி நடந்து பழகியவருக்கு மலைப்படியும் எளிதாகும். வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிவதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். தலையில் பட்ட பலத்த அடி முப்பது ஆண்டு கழித்து மறதியாக வெளிப்படக்கூடும்.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் அரசு ஊழியர்களை இருபத்தைந்து ஆண்டு கவனித்து 2021 இல் வெளியிட்ட முடிவின்படி, ஐம்பது, அறுபது வயதுகளில் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் முப்பது சதவிகிதம் மிகுதி. இரவு முறை வேலைக்குச் செல்லும் ஆலைத் தொழிலாளருக்கு இது கைக்கு எட்டாத அறிவுரை என்பதை நாம் உணர்கிறோம். அவர்கள் பகலில் தூங்கும்போது வீட்டார் வானொலியின் ஓசையைக் குறைப்பதாவது நடக்கக்கூடியது.

சித்தூரிலிருந்து பலமனேர், முளுபாகல் வழியே மேற்கே சென்றால் கோலார் மாவட்டம். அங்கே சீனிவாசபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், நாற்பத்தைந்து வயது கடந்த பத்தாயிரம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராயும் திட்டத்தைப் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் மேற்கொண்டுள்ளது. கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் சீமை அது. இதுவரை நாம் சொன்ன எண்கள் பெரும்பாலும் மேல்நாட்டு வாழ்விலிருந்து எடுத்தவை. நம் உணவு, நம் வெயில், நம் கூட்டுக் குடும்பம் ஆகியவற்றோடு கூடிய விடை இத்தகைய கிராமங்களிலிருந்தே வரவேண்டும்.

முதுமைக்கு வந்துவிட்டோம். லான்செட் அறிக்கையில் தனிக்காரணங்களுள் மிகப் பெரிய பங்கு இரண்டுக்கு உரியது. ஒன்று முன்சொன்ன கெட்ட கொழுப்பு. மற்றொன்று காது மந்தம். இது பலருக்கு வியப்பாக இருக்கும். காது கேளாதவர் ஒலியைப் பிடிப்பதற்கே மூளையின் சக்தியைச் செலவிடுகிறார். பிறகு பேச்சையே தவிர்க்கிறார். பிறகு மனிதர்களையே தவிர்க்கிறார். 2023 இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், காதுக் கருவி தந்தவர்கள் எல்லாருக்கும் மூன்றாண்டில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதய நோய், நீரிழிவு முதலியவற்றால் அபாயம் மிகுந்திருந்தவர்களிடையே அறிவுத் தேய்வின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மூக்குக்கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு வெட்கப்படுவது ஏன் என்று விளங்கவில்லை.

ஆனால் நம் குடும்பங்களில் காது நன்றாகக் கேட்டும் பேச்சில்லாமல் இருக்கிற முதியவர்கள் உண்டு. ஊரில் தனியே இருக்கவேண்டாமென்று மகன் பிலாய்க்கோ வதோதராவுக்கோ அழைத்து வந்த தாயை எண்ணிப் பாருங்கள். காலையில் மகன் ஆலைக்கு, மருமகள் அலுவலகத்துக்கு, பேரன் பள்ளிக்கு. அண்டை வீட்டாரின் மொழி அவருக்குத் தெரியாது. மாலையில் பேரன் வந்ததும் ஆசையோடு ஏதோ கேட்கிறார். அவன் இந்தியில் விடை சொல்லிவிட்டு ஓடுகிறான். பட்டணத்துக் குடியிருப்பில் எல்லா வசதியும் உண்டு. நாளெல்லாம் அவர் பேசியது இருபது சொல் இராது. தனிமையும் அந்தப் பதினான்கு காரணங்களுள் ஒன்று. நூற்றுக்கு ஐந்து பங்கு அதற்கு உரியது. இங்கே பேரனுக்குத் தமிழ் கற்பிப்பது இரண்டு மூளைகளுக்கு ஒரே சமயத்தில் செய்யும் வைத்தியம். பாட்டிக்கு அண்டை மொழியில் நூறு சொற்களைப் பேரன் கற்றுக் கொடுத்தால் அதுவும் நல்ல பயிற்சியே. கறிக்காரரிடம் அவரே பேரம் பேசத் தொடங்கிவிட்டால், கவலைப்பட வேண்டியவர் கறிக்காரர்தான்.

மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்பிரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஓதப்பெறுகிறது. தெலுங்கு நாட்டு அர்ச்சகர்களும் அடியார்களும் அந்த முப்பது பாட்டையும் தமிழிலேயே மனப்பாடமாக ஓதுகிறார்கள். மனப்பாடத்தைப் பழங்கால மூடப்பழக்கம் என்று இகழ்ந்த காலம் உண்டு. 2016 இல் வெளியான ஆய்வு ஒன்றில், டில்லிப் பகுதியில் யஜுர்வேதத்தை இளமை முதல் ஓதிப் பயின்ற 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து, அவ்வாறு பயிலாத 21 பேரோடு ஒப்பிட்டார்கள். பண்டிதர்களின் மூளைப் புறணி பல இடங்களில் தடித்து வளர்ந்திருந்தது. அது மறதி நோயைத் தடுக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஓதுவதால் மூளையின் உருவமே மாறக்கூடும் என்பதே அதன் செய்தி. பாட்டியும் பேரனும் மார்கழிக் காலையில் நாளுக்கு ஒரு பாட்டாகக் கற்பதற்கு இவ்வளவு காரணம் போதாதா? சமய நூல் வேண்டாதவர் வேறு நூலை எடுத்துக்கொள்ளலாம். 1946 இல் தொடங்கிய டில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் பல நகரங்களில் உள்ளன. விழாவன்று மட்டும் முதியோரை முன்வரிசையில் அமர்த்துவதோடு நில்லாமல், வாரம் ஒரு மாலை அவர்கள் கூடிப் பேசவும் படிக்கவும் ஓர் அறையைத் திறந்து வைத்தால் அது பெரிய பணி.

கடைசியாக ஒன்று; நோய் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்த வீட்டாருக்கு உரியது. மூளை மருத்துவத்துக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949 இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது, சித்தூருக்குப் பக்கத்திலுள்ள வேலூரில்தான். திருப்பதியிலும் தேவஸ்தானம் தோற்றுவித்த வேங்கடேசுவர மருத்துவக் கழகம் இருக்கிறது. மறதி எல்லாம் தீராத நோயும் அன்று. தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றால் வருகிற மறதி, காரணத்தை நீக்கினால் குறையும்.

ஆனால் பிற மாநிலத்தில் மருத்துவரிடம் செல்லும்போது ஓர் இடர் நேருகிறது. மறதிச் சோதனை என்பது பெரும்பாலும் கேள்வி பதில். இன்று என்ன கிழமை, இந்த மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்பார்கள். பாதி தெரிந்த மொழியில் கேட்டால் நல்ல மூளையும் தவறும். மேலும், நோய் முற்றுகையில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, இளமையில் கற்ற மொழியே எஞ்சுவது பலரிடம் காணப்படுவது. முப்பது ஆண்டு இந்தியில் அலுவல் பார்த்தவர் திடீரென்று தமிழ் மட்டும் பேசத் தொடங்குவார். அவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணி அதட்டும் வீடுகள் உண்டு. தமிழிலும் இத்தகைய சோதனைத் தாள்கள் தயாரிக்கப்பட்டுள்ளன; இருந்தால் அதையே கொண்டு சோதிக்குமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். தமிழ் நன்கறிந்த ஒருவர் உடன் செல்லவேண்டும். முதியவர் சிறு வயதில் எந்த மொழியில் பேசினார், எத்தனையாவது வகுப்பு வரை படித்தார், இப்போது வீட்டில் எந்த மொழி பேசுகிறார், என்ன மருந்துகள் உட்கொள்கிறார், மாறுதல் எப்போது முதலில் கண்ணில் பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுவது நன்று. மூக்குக்கண்ணாடியையும், காதுக் கருவி இருந்தால் அதையும் அணிவித்தே அழைத்துச் செல்லவேண்டும்.